வைட்ஹாலா, டவுனிங் தெருவா? தெருப் பெயருக்குள் எந்த அரசு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை

"டவுனிங் தெருவின் திட்டத்துக்கு வைட்ஹால் முட்டுக்கட்டை" என்று ஒரு செய்தித் தலைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். அகராதியைப் புரட்டினால் இரண்டு பெயருக்கும் "பிரிட்டிஷ் அரசு" என்றுதான் போட்டிருக்கும். அதை அப்படியே பொருத்திப் படித்தால், அரசின் திட்டத்துக்கு அரசே முட்டுக்கட்டை போடுகிறது என்று ஆகிவிடும். தலைப்பு சொல்ல வருவது வேறு. பிரதமர் அலுவலகம் ஒன்றைச் செய்ய நினைக்கிறது. அமைச்சகங்களில் இருக்கும் நிரந்தர அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்கள்.

தெருவின் பெயர் அரசைக் குறிக்கும்போது முழு அரசையும் குறிப்பது அபூர்வம். அரசின் ஏதோ ஓர் உறுப்பைத்தான் குறிக்கும். எந்த உறுப்பு என்பதைக் கண்டுபிடிக்க மூன்று தடயங்கள் போதும்: கூட வரும் வினைச்சொல், எதிரில் நிற்கும் பெயர், எழுதப்பட்ட ஆண்டு. செய்தி மொழிபெயர்ப்பவர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பழைய ஆவணம் பார்ப்பவர், குறுக்கெழுத்து போடுபவர் எல்லோருக்கும் இந்த முறை உதவும்.

முதலில் தரையைப் பாருங்கள்

லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து தெற்கே நாடாளுமன்றச் சதுக்கத்தை நோக்கிப் போகும் அகலமான சாலைதான் வைட்ஹால். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தென்கோடியில் அதே சாலைக்குப் பார்லிமென்ட் ஸ்ட்ரீட் என்று பெயர் மாறுகிறது. தெற்கு நோக்கி நடந்தால் வலது கைப் பக்கம் குதிரைப்படைக் காவலர் கட்டடமான ஹார்ஸ் கார்ட்ஸ், 70ஆம் எண்ணில் கேபினட் ஆபீஸ், அடுத்து டவுனிங் தெருவின் இரும்புக் கதவுகள், அதற்கப்பால் வெளியுறவு அமைச்சகம், கிங் சார்ல்ஸ் தெரு, நிதியமைச்சகக் கட்டடம். இடது கைப் பக்கம் பழைய அரண்மனையின் விருந்து மண்டபமான பாங்குவெட்டிங் ஹவுஸ், பாதுகாப்பு அமைச்சகம். சாலையின் நடுவில் போரில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூண், செனடாஃப். கல்லில் எழுந்தது 1920இல்.

டவுனிங் தெரு இந்த வைட்ஹாலிலிருந்து பிரியும் ஒரு குட்டித் தெரு. 1680களில் அங்கே வீடுகள் கட்டிய ஜார்ஜ் டவுனிங் என்பவரின் பெயர் அது. 1732இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 10ஆம் எண் வீட்டை, முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலுக்குக் கொடுத்தார். வால்போல் அதைச் சொந்தச் சொத்தாக ஏற்காமல், கருவூலத்தின் முதல் பிரபு என்ற பதவிக்கான (இன்று பிரதமரே வகிக்கும் பதவி) வீடாக ஏற்றுக்கொண்டார். 1735இல் குடியேறினார். கதவிலுள்ள பித்தளைத் தபால் வாயில் இன்றும் அந்தப் பதவிப் பெயர்தான் பொறித்திருக்கிறது. பிரதமர் என்ற சொல் அங்கே இல்லை. அதே தெருவில் 11ஆம் எண் நிதியமைச்சருடையது.

வெஸ்ட்மின்ஸ்டர் என்பது தெருவல்ல, இவை எல்லாம் அடங்கிய பகுதி. செய்தி மொழியில் அது நாடாளுமன்றத்தையும் அதைச் சுற்றிய கட்சி அரசியலையும் குறிக்கிறது.

இந்த மூன்றையும் ஒரு தாளில் கோட்டுப் படமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் மயங்கும் இடங்களில் பாதி, இடம் தெரியாததால்தான் மயங்குகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆகுபெயர் (ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவது) இடத்தைத் தாண்டியும் ஓடும். உள்துறை அமைச்சகம் 2005 முதல் மார்ஷம் தெருவில் இருக்கிறது; வைட்ஹாலில் அதற்கு வாசல்கூட இல்லை. ஆனாலும் "வைட்ஹால் அமைச்சகங்கள்" என்றால் அதுவும் சேர்த்தி. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களில் பெரும்பாலோர் வேலை பார்ப்பதே லண்டனுக்கு வெளியே.

தெருவா, அரசா: உருபை வைத்துப் பிரியுங்கள்

"ஊரே திரண்டது" என்றால் மண் திரளவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நம் இலக்கணம் இதை இடவாகுபெயர் என்று என்றைக்கோ வகைப்படுத்திவிட்டது. வைட்ஹால் மறுத்தது, டெல்லி சம்மதித்தது எல்லாம் அதே வகை. இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் நல்ல கருவி ஒன்று கையில் இருக்கிறது: வேற்றுமை உருபு.

"இடம்" என்ற உருபு பொதுவாக ஆட்களுக்கு வருவது. "வைட்ஹாலிடம் விளக்கம் கேட்டது" என்று சொல்ல முடிந்தால் அங்கே வைட்ஹால் ஆட்களைக் குறிக்கிறது. "வைட்ஹாலில் போக்குவரத்து நின்றது" என்பதை "வைட்ஹாலிடம்" என்று மாற்றவே முடியாது, அது தெரு. நீக்கப் பொருளிலும் அப்படியே. "வைட்ஹாலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது" தெரு, "வைட்ஹாலிடமிருந்து கடிதம் வந்தது" அரசு. சந்தேகம் வரும் வாக்கியத்தை எல்லாம் இப்படி ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

"இல்" மட்டும் ஏமாற்றும். "வைட்ஹாலில் பேரணி" தெரு. "வைட்ஹாலில் அதிருப்தி" அதிகாரிகள். இங்கே உருபுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். கண்ணால் பார்க்கக்கூடியது, காலால் நடக்கக்கூடியது வந்தால் தெரு. மனநிலை, கருத்து, ஆவணம் வந்தால் அரசு.

ஆங்கில மூலம் கையில் இருந்தால் முன்னிடைச்சொல்லே பாதி வேலையை முடித்துவிடும். "டவுன் வைட்ஹால்", "அலாங் வைட்ஹால்" என்று வந்தால் சாலை. "அக்ராஸ் வைட்ஹால்" என்று வந்தால் அமைச்சகங்கள் அனைத்திலும் என்று பொருள். இதை "வைட்ஹாலைக் கடந்து" என்றோ "வைட்ஹால் முழுவதும்" என்றோ எழுதிவிட்டால், சாலை நெடுக ஏதோ நடந்தது போலப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். "எல்லா அமைச்சகங்களிலும்" என்று விரித்துவிடுவதே நல்லது.

வினைச்சொல் காட்டிக்கொடுக்கும்

தெரு இல்லை, அரசுதான் என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எந்த அரசு என்பது. வினையைப் பாருங்கள்.

டவுனிங் தெரு அறிவிக்கும், மறுக்கும், வலியுறுத்தும், கருத்துச் சொல்ல மறுக்கும். அதாவது பெயர் போட்டுப் பேசும். காரணம், பிரதமரின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர் செய்தியாளர்களைச் சந்தித்துச் சொல்வது பிரதமர் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே "டவுனிங் தெரு தெரிவித்தது" என்பதைப் "பிரதமர் அலுவலகம் தெரிவித்தது" என்று மாற்றினால் பொருள் சிதையாது.

வைட்ஹால் வரைவு தயாரிக்கும், எச்சரிக்கும், தயங்கும், தாமதப்படுத்தும். அதன் பெயரில் வரும் செய்திகளில் பெரும்பாலும் பேசியவர் பெயர் இருக்காது. "வைட்ஹால் வட்டாரங்கள்" என்பதன் பின்னால் ஒரு மூத்த அதிகாரியும் இருக்கலாம், ஓர் அமைச்சரின் ஆலோசகரும் இருக்கலாம். "அரசு அறிவித்தது" என்று இதை மொழிபெயர்ப்பது பெரிய பிழை. அரசு எதையும் அறிவிக்கவில்லை; யாரோ ஒருவர் செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார், அவ்வளவே.

வெஸ்ட்மின்ஸ்டர் வாக்களிக்கும், விவாதிக்கும், சலசலக்கும், ஊகிக்கும். எம்.பி.க்களும் கட்சிகளும் அரசியல் செய்தியாளர்களும் சேர்ந்த கூட்டம் அது.

வினை பொதுவாக இருந்து குழம்பினால், தேர்தல் சோதனை ஒன்று உண்டு. மறுநாளே ஆட்சி மாறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் பேசியவர் அதே நாற்காலியில் இருப்பாரா? இருப்பார் என்றால் வைட்ஹால். இருக்கமாட்டார் என்றால் டவுனிங் தெரு. பிரிட்டனில் பிரதமரும் அமைச்சர்களும் அவர்களுடைய அரசியல் ஆலோசகர்களும் வெளியேறுவார்கள். அமைச்சகங்களின் நிரந்தரச் செயலாளர்களும் அவர்களுக்குக் கீழே உள்ளவர்களும் அப்படியே இருந்து அடுத்த அரசுக்கு வேலை பார்ப்பார்கள். இந்த அமைப்பு புரிந்துவிட்டால், "வைட்ஹாலின் நீண்டகால நிலைப்பாடு" என்ற தொடர் ஏன் இயல்பாக வருகிறது என்பதும் விளங்கும்.

அதே காரணத்தால் டவுனிங் தெரு என்று படித்தால் தேதியைப் பார்க்காமல் நகராதீர்கள். 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6 வரை அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் போரிஸ் ஜான்சன். அதன் பிறகு அக்டோபர் 25 வரை லிஸ் டிரஸ். அன்றிலிருந்து ரிஷி சுனக். ஏழே வாரத்தில் ஒரே சொல் மூன்று ஆட்களைக் குறித்திருக்கிறது.

11ஆம் எண்ணில் இன்னொரு பள்ளம். 11 என்றால் நிதியமைச்சர் என்று படித்திருப்போம். ஆனால் 11ஆம் எண்ணின் மாடி வீடு பெரியது என்பதால் 1997இல் டோனி பிளேர் குடும்பத்தோடு அங்கே குடியிருந்தார். பின்னால் வந்த பிரதமர்கள் சிலரும் அப்படியே செய்தார்கள். போரிஸ் ஜான்சன் காலத்தில் "11ஆம் எண் வீட்டைப் புதுப்பித்த செலவு" பற்றி வந்த செய்திகள் எல்லாம் பிரதமரைப் பற்றியவை. "11ஆம் எண் வரியை உயர்த்தும்" என்றால் நிதியமைச்சர். "11ஆம் எண் வீட்டின் சுவர்த்தாள்" என்றால் பிரதமர். பதவியா, குடித்தனமா என்று பாருங்கள்.

எதிரில் யார் நிற்கிறார்கள்?

ஒரே பெயர் எதிரியைப் பொறுத்துப் பொருள் மாறும். வைட்ஹாலுக்கு எதிரே டவுனிங் தெரு நின்றால் அது அதிகார வர்க்கம். எதிரே "டவுன் ஹால்" நின்றால், அதாவது உள்ளாட்சி மன்றங்கள் நின்றால், வைட்ஹால் என்பது மத்திய அரசு முழுவதும். பிரதமரும் அதில் அடக்கம். எதிரே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இருக்கும் ஹோலிரூட், வடக்கு அயர்லாந்து சட்டமன்றம் இருக்கும் ஸ்டார்மன்ட் போன்ற பெயர்கள் வந்தாலும் அதே கதைதான், லண்டன் அரசு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரே வெஸ்ட்மின்ஸ்டர் நின்றால் நிர்வாகத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள இழுபறி.

திரெட்நீடில் தெருவை மட்டும் அரசோடு சேர்த்துவிடாதீர்கள். 1734 முதல் அங்கே இருப்பது பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரம் 1997இல் நிதியமைச்சரிடமிருந்து அந்த வங்கியின் குழுவுக்குப் போய்விட்டது. "திரெட்நீடில் தெரு வட்டியை உயர்த்தியது" என்பதை "பிரிட்டிஷ் அரசு வட்டியை உயர்த்தியது" என்று எழுதினால் செய்தியே தவறு. வங்கி அரசுடைமையான 1946க்கும் 1997க்கும் இடைப்பட்ட செய்தி என்றால் வட்டி விஷயத்தில் கடைசி வார்த்தை நிதியமைச்சருடையது. ஆண்டு முக்கியம் என்பது இதனால்தான்.

ஆண்டு மாறினால் அரசும் மாறும்

பழைய கடிதம், அரசிதழ், குடியேற்றக் கால (காலனி ஆட்சிக் கால) ஆவணம் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இன்றைய பொருளை எடுத்துப் போய் 150 ஆண்டுக்கு முந்தைய தாளில் ஒட்டினால் ஆளே மாறிவிடுவார்.

வைட்ஹாலில் இருந்து தொடங்கலாம். அது முதலில் அரண்மனையின் பெயர். கார்டினல் வுல்சி என்ற திருச்சபைத் தலைவரிடம் இருந்த யார்க் பிளேஸ் மாளிகையை எட்டாம் ஹென்றி மன்னர் எடுத்துக்கொண்டு விரிவாக்கியபின் அந்தப் பெயர் நிலைத்தது. 1698இல் தீயில் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. 1622இல் கட்டி முடித்த பாங்குவெட்டிங் ஹவுஸ் தப்பியது. 1649இல் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலையை வெட்டியது அதன் வாசலில்தான். ஆகவே 17ஆம் நூற்றாண்டு எழுத்தில் வைட்ஹால் என்றால் அரசவை. மன்னரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும். அதிகாரிகள் என்ற பொருள், அமைச்சகங்கள் அந்தச் சாலையில் வந்து உட்கார்ந்த பிறகு வந்தது. அரண்மனை போய்ப் பெயர் மட்டும் தங்கி, பக்கத்திலேயே முளைத்த அலுவலகங்களின்மேல் ஏறிக்கொண்டது.

இனி நம் ஆவணங்களுக்கு வருவோம். சென்னை ராஜதானியைப் பற்றிய தாள் என்றால் 1858 என்ற ஆண்டைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மதராஸை லண்டனிலிருந்து ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழு. அதன் அலுவலகம் இருந்தது லெடன்ஹால் தெருவில். அந்தக் கால எழுத்தில் "லெடன்ஹால் தெரு சம்மதிக்காது" என்று வந்தால் கம்பெனி நிர்வாகம் என்று பொருள். இன்றைக்கு அந்த இடத்தில் லாயிட்ஸ் காப்பீட்டுக் கட்டடம் நிற்கிறது; கம்பெனி மாளிகை 1860களின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டது. ஒரு தெருப் பெயர் அரசைக் குறித்து, அந்த அரசோடு சேர்ந்து பொருளையும் இழந்ததற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம். லெடன்ஹாலில் "ஹால்" இருப்பதால் வைட்ஹாலோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு இடம். லெடன்ஹால், நகரின் கிழக்கே வணிகப் பகுதியில் இருப்பது.

1858க்குப் பிறகு இந்திய நிர்வாகம் மகாராணியின் அரசுக்குப் போனது. இந்தியா ஆபீஸ் என்ற தனி அமைச்சகம் உருவாகி, சில ஆண்டுகளில் கிங் சார்ல்ஸ் தெருக் கட்டடத்தில் குடியேறியது. அதிலிருந்து 1947 வரை இந்தியா தொடர்பான எழுத்தில் வைட்ஹால் என்றால் பெரும்பாலும் இந்தியா ஆபீஸும் இந்திய விவகாரத்துக்கான பிரிட்டிஷ் அமைச்சரும்தான்.

இலங்கை ஆவணம் என்றால் கணக்கே வேறு. 1802இல் இலங்கையின் பிரிட்டிஷ் பகுதி முடியாட்சிக் குடியேற்றமாக (மன்னரின் அரசு நேரடியாக ஆளும் காலனியாக) ஆனது; இந்தியா ஆபீஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குடியேற்ற அமைச்சகத்தின் (காலனி நாடுகளைக் கவனித்த கலோனியல் ஆபீஸ்) கீழ் இருந்தது. அந்த அமைச்சகத்தின் முகவரி டவுனிங் தெரு, 14ஆம் எண். பிறகு அந்தப் பழைய வீடுகளை இடித்து, டவுனிங் தெருவுக்கும் கிங் சார்ல்ஸ் தெருவுக்கும் இடையே புதிய அரசுக் கட்டடம் எழுந்தபோதும் முகவரி மாறவில்லை. கொழும்பிலுள்ள ஆளுநருக்குப் போன கடிதத்தின் தலையில் "டவுனிங் தெரு" என்று போட்டுத் தேதி எழுதியிருந்தால், அதைப் பிரதமர் எழுதியதாக நினைக்கக் கூடாது. எழுதியவர் குடியேற்ற அமைச்சர், அல்லது அவர் பெயரில் அமைச்சகம். "டவுனிங் தெருவின் கொள்கை" என்று 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்ற நாடுகளில் புலம்பியதெல்லாம் இந்த அமைச்சகத்தைப் பற்றித்தான்.

இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் செய்ய வேண்டியது: முதலில் தேதி. அடுத்து எந்த நாட்டு விவகாரம். பிறகு கையெழுத்துப் போட்டவரின் பதவி. கடைசியாகத்தான் தெருவின் பெயருக்குப் பொருள் எழுத வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் மேலே சொன்ன பிழையில் போய் விழுவோம்.

இடம் மாறியும் பெயர் மாறாத வகை ஒன்றும் உண்டு. லண்டன் காவல்துறையை ஸ்காட்லாந்து யார்டு என்கிறோம். 1829இல் வைட்ஹால் பிளேஸ் 4ஆம் எண்ணில் தொடங்கியபோது பின்வாசல் கிரேட் ஸ்காட்லாந்து யார்டு என்ற தெருப் பக்கம் இருந்தது. அதன் பிறகு தலைமையகம் 1890, 1967, 2016 என்று மூன்று முறை இடம் பெயர்ந்தும் பெயர் கூடவே போனது. ஸ்காட்லாந்து நாட்டுக் காவல்துறைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சொல் வலை வரையும் விதம்

பெயரை நடுவில் எழுதி, சுற்றிலும் தொடர்புச் சொற்களைப் போடுவது எல்லோரும் செய்வது. அதில் பயன் வர வேண்டுமென்றால் சொற்களை மூன்று வளையமாகப் பிரிக்க வேண்டும். உள் வளையத்தில் அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்கள், நடு வளையத்தில் அவர்கள் கையாளும் பொருள்களும் செயல்களும், வெளி வளையத்தில் மற்றவர்கள் அவர்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம்.

வைட்ஹாலுக்கு உள் வளையம்: நிரந்தரச் செயலாளர், அமைச்சரவைச் செயலாளர், துறை, அரசுப் பணி. நடு வளையம்: கோப்பு, வரைவு, சுற்றறிக்கை, ஆலோசனைக் குறிப்பு, கசிவு. வெளி வளையம்: சிவப்பு நாடா, மூடிய கதவு, மேலிருந்து ஆணையிடுதல், மறுபக்கத்தில் நிதானம், கட்சி சாராமை. "வைட்ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அது வெளி வளையத்துச் சொல், குத்தலாகச் சொல்வது. அதை நடுநிலையான வாக்கியமாக மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

டவுனிங் தெருவுக்கு: கறுப்புக் கதவு, எண் 10, வாசலில் ஒலிவாங்கி மேடை, பதவியேற்பு, ராஜினாமா, செய்தித் தொடர்பாளர். 1989இல் வைத்த இரும்புக் கதவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "டவுனிங் தெருக் கதவுக்கு வெளியே போராட்டம்" என்பதில் அந்தக் கதவைத்தான் சொல்கிறார்கள், 10ஆம் எண் வீட்டுக் கதவை அல்ல.

மருத்துவக் கட்டுரையில் "வைட்ஹால் ஆய்வு" என்று கண்டால் வலையின் உள் வளையத்துக்குப் போங்கள். 1967இல் தொடங்கிய அந்த ஆய்வு லண்டனில் வேலை பார்த்த ஆண் அரசு ஊழியர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்தது. பதவி இறங்க இறங்க இதய நோயால் இறப்பது கூடுகிறது என்று காட்டியது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களும் சேர்ந்தார்கள். மொத்தம் 10,308 பேர். "பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வு" என்று ஒரு முறை விரித்து எழுதிவிட்டால் போதும்.

தமிழில் எழுதும்போது கைநழுவும் இடங்கள்

பெயரை மொழிபெயர்க்காதீர்கள். ஒயிட் ஹவுஸ் "வெள்ளை மாளிகை" ஆனதால், வைட்ஹாலை "வெள்ளை மண்டபம்" ஆக்கும் ஆசை வரும். ஆக்கினால் படிப்பவர் மனம் நேராக வாஷிங்டனுக்குப் போய்விடும். வைட்ஹால், ஒயிட்ஹால் இரண்டு எழுத்துமுறையும் புழங்குகின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரை முடியும்வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். டவுனிங் தெரு, டவுனிங் ஸ்ட்ரீட், டவுனிங் வீதி மூன்றும் சரி. இலங்கை வாசகருக்கு வீதி இயல்பு, தமிழ்நாட்டில் தெரு.

வினைமுற்று அஃறிணை ஒருமையில் இருக்கட்டும். "டவுனிங் தெரு மறுத்தது". பின்னால் ஆள் இருக்கிறார் என்பதற்காக "மறுத்தார்" என்று போட்டால் வாக்கியம் உடைந்துவிடும். அடுத்த வாக்கியத்தில் "அவர்" என்று தொடர வேண்டுமென்றால் முதலில் ஆளின் பதவியைச் சொல்லியாக வேண்டும்.

"வைட்ஹால் வட்டாரங்கள்" என்று எழுதும்போது கவனம். வட்டாரம் என்பது ஊர்ப்பகுதியையும் குறிக்கும். இலங்கையில் உள்ளாட்சித் தேர்தல் தொகுதியே வட்டாரம்தான். இடப்பெயருக்குப் பக்கத்தில் அது வந்தால் "வைட்ஹால் சுற்றுவட்டாரம்" என்று படித்துவிடுவார்கள். "வைட்ஹால் அதிகாரிகள் தரப்பில்" என்றால் குழப்பமில்லை.

கூட வரும் பதவிப் பெயர்களில்தான் அதிகச் சேதம். பிரிட்டனில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்பவர் அமைச்சர். செயலாளர் என்று போட்டால் அவரை அதிகாரி ஆக்கிவிடுகிறோம். பர்மனன்ட் செக்ரட்டரிதான் அதிகாரி. அவரை அமைச்சர் ஆக்கிவிடக் கூடாது. சான்சலர் என்று தனியாக வந்தால் நிதியமைச்சர். பல்கலைக்கழகத்து வேந்தரை இங்கே கொண்டுவர வேண்டாம். டிரெஷரி என்றால் நிதியமைச்சகம். நமக்குக் கருவூலம் என்றவுடன் ஓய்வூதியப் பட்டியல் போகும் மாவட்ட அலுவலகம்தான் நினைவுக்கு வரும், ஆகவே இன்றைய செய்தியில் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. வால்போல் காலத்துப் பழைய பதவிப் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேபினட் ஆபீஸ் என்பது ஓர் அமைச்சகம், அமைச்சரவை வேறு. மாண்டரின்கள் என்று வந்தால் மூத்த அரசு அதிகாரிகள். சீன மொழிக்குப் போகாதீர்கள். அந்தச் சொல் மலாய், போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன நம் "மந்திரி"தான். ஆனால் வைட்ஹாலில் அது மந்திரியைக் குறிப்பதில்லை, மந்திரிக்குக் குறிப்பு எழுதிக்கொடுக்கும் அதிகாரியைக் குறிக்கிறது.

ஒரு கட்டுரையில் ஆகுபெயரை முதல் தடவை பயன்படுத்தும்போது விரித்துச் சொல்லிவிடுங்கள்: "பிரதமர் அலுவலகமான டவுனிங் தெரு". பிறகு இரண்டு மூன்று இடத்தில் சுருக்கமாக வரலாம். ஒரே பத்தியில் டவுனிங் தெரு, எண் 10, பிரதமர் இல்லம் என்று மாற்றி மாற்றி எழுதினால், மூன்று வெவ்வேறு அமைப்புகள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அப்படி எழுதுவதால் நாமும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குறுக்கெழுத்தில்

"அரசைக் குறிக்கும் தெரு" என்ற குறிப்பு ஆங்கிலக் குறுக்கெழுத்தில் வந்தால் எழுத்து எண்ணிக்கையை முதலில் பாருங்கள். 9 என்றால் வைட்ஹால். 7, 6 என்று இரண்டு சொல் கேட்டால் டவுனிங் ஸ்ட்ரீட். 7 மட்டும் என்றால் டவுனிங். குறிப்பில் "தெரு" இல்லாமல் 11 கேட்டால் வெஸ்ட்மின்ஸ்டரைப் போட்டுப் பாருங்கள். குறிப்பில் பிரதமர், கதவு, எண் என்ற வாடை அடித்தால் டவுனிங் பக்கம். அதிகாரி, துறை, மாண்டரின் என்று வந்தால் வைட்ஹால் பக்கம்.

புதிர்வகைக் குறிப்புகளில் பெயரை இரண்டாகப் பிளப்பார்கள். வெளிறிய நிறத்தையும் நடைக்கூடத்தையும் சேர்த்துச் சொன்னால் வைட்ஹால். ஒரே மூச்சில் குடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு தெருவைக் கேட்டால் டவுனிங். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மடமடவெனக் குடித்துத் தீர்ப்பது என்றும் பொருள் உண்டு.

தமிழ்க் குறுக்கெழுத்தில் கட்டக் கணக்கு வேறு. வை, ட், ஹா, ல் என்று வைட்ஹாலுக்கு நான்கு கட்டம். ட, வு, னி, ங் என்று டவுனிங்குக்கும் நான்குதான். எண்ணிக்கை கைகொடுக்காது, குறுக்கே போகும் சொல்லிலிருந்து ஓர் எழுத்தாவது கிடைக்கும்வரை பேனாவால் எழுதாதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டருக்கு எட்டுக் கட்டம், அதில் ஐந்து புள்ளி எழுத்துகள். ஸ், ட், ன் மாதிரிப் புள்ளி எழுத்துகள் சொல்லின் நடுவே அடுத்தடுத்து வந்தால் அது பெரும்பாலும் பிறமொழிப் பெயர் என்பதையும் தடயமாக எடுத்துக்கொள்ளலாம்.